ஒன்லி என்றால் ‘மட்டும்’ மட்டும்தானா?

ஒன்லி என்ற சொல்லைப் பார்த்தால் நம்மூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி உண்டு. இந்தியர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இது தவறாமல் இருக்கும். ‘ஐ அம் ஃப்ரம் திருச்சி ஒன்லி’ என்று எழுதுவார்கள், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கீழே ‘ஐ அம் ஃப்ரம் திருச்சி’. பாடம் முடிந்தது. ஒன்லியைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். அந்த ஆள் எதற்காக அங்கே ஒன்லி போட்டான், போட்டபோது மனதில் என்ன நினைத்தான், தூக்கிவிட்டால் அந்த நினைப்பு எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. தூக்கு, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையில் எங்கள் குழுவுக்கு ஒரு பேச்சுப் பயிற்சி வைத்தார்கள். முதல் நாள், ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். ஒரு பெண் எழுந்து திருச்சி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாலு பேர் தள்ளி ஒரு பையன். அவனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி, அறிமுகமே இல்லாத கூட்டத்தில் ஊர்க்காரி ஒருத்தி கிடைத்துவிட்டாளே. எழுந்து, ‘மேம், ஐ அம் ஆல்சோ ஃப்ரம் திருச்சி ஒன்லி’ என்றான். பயிற்சியாளர் கையை நீட்டி நிறுத்தினார். ஆல்சோவா ஒன்லியா, முதலில் ஏதாவது ஒன்றை முடிவு பண்ணு என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் அதற்கப்புறம் பயிற்சி முடியும்வரை அவன் தானாக வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

அவன் சொன்னதில் என்ன தப்பு என்று அன்றைக்கு எனக்கும் விளக்கத் தெரியாது. ஆனால் அவன் என்ன சொன்னான் என்பது எனக்கும், சிரித்த அத்தனை பேருக்கும், ஏன், அந்தப் பயிற்சியாளருக்கும்கூட ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் புரிந்தது. அந்த உறுத்தல்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை எழுத வைக்கிறது.

நானும் திருச்சிதான்

அவன் சொன்னதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நானும் திருச்சிதான் மேடம்.’ இதில் எங்கே முரண் இருக்கிறது? ‘நானும்’ என்பதில் உள்ள உம், அந்தப் பெண்ணோடு அவனைச் சேர்க்கிறது. ‘திருச்சிதான்’ என்பதில் உள்ள தான், வேறெங்கும் இல்லை, சாட்சாத் அதே ஊர் என்று ஊன்றிச் சொல்கிறது. உம் ஆல்சோவாகப் போயிற்று, தான் ஒன்லியாகப் போயிற்று. ஆங்கிலக் காதுக்கு இரண்டும் அடித்துக்கொள்கின்றன. தமிழ்க் காதுக்கு அதைவிட இணக்கமான வாக்கியம் கிடையாது. ஊர்ப்பாசம் முழுவதும் அந்தத் தானில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு ‘நானும் திருச்சி’ என்றால் பஸ் டிக்கெட் கேட்கிற மாதிரி இருக்கிறது.

தான் எவ்வளவு பெரிய வேலைக்காரன் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. நான் நேற்று ரவிக்குப் பணம் கொடுத்தேன், இதை எடுத்துக்கொள்வோம். ‘நான்தான் நேற்று ரவிக்குப் பணம் கொடுத்தேன்’ என்றால் கொடுத்தது வேறு யாரோ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள். ‘நேற்றுத்தான்’ என்றால் இப்போதுதானே கொடுத்தேன், அதற்குள் காலியா என்கிற குரல். ‘ரவிக்குத்தான்’ என்றால் ஆள் சரியாகத்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். ‘பணம்தான்’ என்றால் பொருளாக இல்லை, காசாகவே. கடைசியாக, ‘கொடுத்தேன்தான்’. அதைச் சொன்னால் அடுத்து ஓர் ‘ஆனால்’ வந்தே தீர வேண்டும். கொடுத்தேன்தான், ஆனால் கடனாக. இப்படி வாக்கியத்தின் எந்தச் சொல்லின் தோளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, கேட்பவரின் மனதில் இருப்பதைப் பிடித்துத் திருத்தவோ உறுதிப்படுத்தவோ செய்கிற ஒட்டு அது.

நம் இலக்கணக்காரர்கள் இதைப் பற்றிப் பேசாமல் விடவில்லை. தானைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டும் ‘ஏ’, அதாவது ஏகார இடைச்சொல், அதற்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது. தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இசைநிறையைச் சேர்த்து ஆறாக்குகிறது. இந்தப் பட்டியலில் இரண்டு எனக்கு முக்கியம். ஒன்று பிரிநிலை, கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து எடுப்பது, ‘அவருள் இவனே கள்வன்’ என்பதுபோல. இன்னொன்று தேற்றம், இருப்பதை உறுதியாகச் சொல்வது, ‘உண்டே மறுமை’ என்பதுபோல. மறுமை உண்டே என்கிறபோது மறுமை மட்டும் உண்டு, வேறெதுவும் இல்லை என்று யாரும் பொருள் கொள்ள மாட்டார்கள். சந்தேகப்படாதே, உண்டு என்பதுதான் அதன் பொருள். இன்றைய பேச்சில் இந்த இரண்டு வேலைகளில் பெரும்பகுதியை ‘தான்’ பார்த்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இவையெல்லாம் தேர்வுக்கு எழுதும் வெறும் பெயர்களாக இருந்தன. தேற்றமும் பிரிநிலையும் வேறு வேறு என்று பழைய ஆட்கள் பிரித்துவைத்ததில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பது ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு மல்லாடும்போதுதான் புரிகிறது.

ஏனென்றால் ஒன்லிக்குப் பிரிநிலைதான் உயிர். அந்தச் சொல்லின் பிறப்பே அப்படி. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற சொல்லோடு ‘போன்ற’ என்று பொருள் தரும் ஒட்டைச் சேர்த்து உண்டானது அது. மற்றதெல்லாம் வெளியே, இது ஒன்று உள்ளே. நம் பள்ளியிலோ, ஒன்லி என்றால் மட்டும், தான் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொடுத்தார்கள். ‘பத்து ரூபாய்தான்’ என்கிற இடத்தில் அது சரியாகவே பொருந்தும், டென் ரூபீஸ் ஒன்லி. அந்த ஒரு கதவு திறந்ததும் மற்ற தான்களும் வரிசையாக உள்ளே வந்துவிட்டன. இப்பதான், நவ் ஒன்லி. இங்கதான், ஹியர் ஒன்லி. அதைத்தான் நானும் சொல்றேன், தட் ஒன்லி ஐ அம் ஆல்சோ சேயிங்.

இதில் தமிழரை மட்டும் பிடித்துக் கிண்டல் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. மலையாளத்தில் தன்னெ இருக்கிறது, கன்னடத்திலும் தெலுங்கிலும் ஏகாரம் நம்முடையதைப் போலவே ஒட்டிக்கொள்கிறது, இந்தியில் ஹீ. எல்லாமே ஊன்றிச் சொல்வதற்கும் பிரித்துச் சொல்வதற்கும் ஒன்றாகவே பயன்படுபவை. அதனால்தான் கொச்சிக்காரரும் கான்பூர்காரரும் ஒன்லி போட்டுப் பேசும்போது நமக்கு ஒரு தடங்கலும் வருவதில்லை. கிளாவ்டியா லாங்கே என்ற மொழியியலாளர் இந்திய ஆங்கிலப் பேச்சின் தொடரமைப்பைப் பற்றி 2012-இல் வெளிவந்த தன் நூலில் ஒன்லியையும் இட்செல்ஃபையும் இப்படித்தான் பார்க்கிறார், ஒரு சொல்லை முன்னிறுத்திக் காட்டும் கருவிகளாக. இட்செல்ஃப் நமக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னைக்கே வேணும், டுடே இட்செல்ஃப். இன்னைக்குத்தான் வந்தது, டுடே ஒன்லி. ஏ ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று ஆங்கிலத்துக்குள்ளேயே தனித்தனியாக இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம். கவனக்குறைவில் இப்படி ஒழுங்கு வராது.

ராத்திரிதான் வருது

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால், இது நம் ஆங்கிலம், இப்படித்தான் பேசுவோம், புரிந்தால் புரிந்துகொள் என்று முடித்துவிடலாம். நானும் கொஞ்ச காலம் அந்தக் கட்சிதான். என்னை அங்கிருந்து நகர்த்தியது என் அத்தைக்கு இங்கிலாந்தில் வந்த வயிற்றுவலி.

அத்தை என் அப்பாவின் தங்கை. கும்பகோணம். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் நன்றாகவே வரும், எங்கள் குடும்பத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். எங்களுடன் சில மாதம் இருக்கலாம் என்று வந்திருந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே வலி தொடங்கியது. வாய்வு, பிரயாணக் களைப்பு என்று சொல்லிப் பெருங்காயமும் மோரும் குடித்து ஓட்டிக்கொண்டிருந்தவரை ஒருவழியாகப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இளம் டாக்டர், ஆங்கிலேயப் பெண். பொறுமையாகவும் மரியாதையாகவும் கேட்டார். அத்தையே பதில் சொல்லட்டும், நன்றாகத்தானே பேசுகிறார் என்று நான் பக்கத்து நாற்காலியில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கே வலிக்கிறது என்றார் டாக்டர். அத்தை வலது விலா எலும்புக்குக் கீழே நாலு விரலையும் சேர்த்து அழுத்தி, ‘ஹியர் ஒன்லி, டாக்டர்’ என்றார். அங்கே மட்டுமா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். ‘யெஸ், தேர் ஒன்லி.’ தட்டச்சு. எப்போது வருகிறது? ‘நைட் டைம் ஒன்லி இட் இஸ் கமிங்.’ டாக்டர் தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி, நிதானமாக, ‘ஒன்லி அட் நைட்?’ என்று உறுதி செய்துகொண்டார். அத்தை சந்தோஷமாகத் தலையாட்டினார். ‘யெஸ் யெஸ், நைட் ஒன்லி.’ அப்புறம் கேள்விகள் வேறு பக்கம் திரும்பின. படுத்ததும் வருகிறதா, எத்தனை தலையணை, நெஞ்சு எரிகிறதா, புளித்த ஏப்பம் உண்டா. வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்கிற திசையில் டாக்டர் போகிறார் என்பது எனக்கே தெரிந்தது. அவர் காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான திசை.

ஆனால் முந்தின நாள் மத்தியானம் பூரிக்கிழங்கு சாப்பிட்டுவிட்டு அத்தை சோபாவில் ஒருக்களித்துப் படுத்து முனகியதை நான் பார்த்திருக்கிறேன். “அத்தை, பகல்ல வராதா?” என்று தமிழில் கேட்டேன். “ஏன் வராம? எண்ணெயா எதாவது சாப்பிட்டா மத்தியானமும்தான் வருது. ராத்திரிதான் உசுரு போகுது.” “வலி அந்த இடத்துல மட்டும்தானா?” “வலி அங்கதான். அங்கேர்ந்து முதுகுக்கு இழுக்கும், இந்தத் தோள்பட்டை வரைக்கும்.” நான் அதை டாக்டரிடம் சொல்லச் சொல்ல அவர் திரையை விட்டுவிட்டு முழுசாக அத்தை பக்கம் திரும்பினார். கொழுப்பான சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், படுக்கச் சொல்லி விலாவுக்குக் கீழே அழுத்தி மூச்சை உள்ளிழுக்கச் சொன்னார், அல்ட்ராசவுண்டுக்கு எழுதிக்கொடுத்தார். பித்தப்பையில் கல் என்று தெரிந்தது.

அந்த டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால், என்னை உலுக்கியதே அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்பதுதான். சந்தேகம் வந்ததும் திருப்பிக் கேட்டார். இரண்டு முறை கேட்டார். யாரும் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஆனால் திருப்பிக் கேட்ட கேள்வியிலும் அதே ஒன்லிதான் இருந்தது. அவர் ‘ராத்திரி மட்டுமா?’ என்று கேட்டார். அத்தைக்கு ‘ராத்திரிதானே?’ என்று கேட்டது. ஆமாம் என்ற பதில் இரண்டு கேள்விக்கும் பொருந்தியது, இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டோம் என்று நிம்மதியாக ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தெரியாத சொல் என்றால் முகத்தில் தெரிந்துவிடும், அப்படியா, அது என்ன என்று கேட்டுவிடுவோம். இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த, இரண்டு பேரும் பிறந்ததிலிருந்தோ பள்ளியிலிருந்தோ பேசிக்கொண்டிருக்கிற, மூன்றாம் வகுப்புச் சொல் ஒன்று நடுவில் நின்றுகொண்டு இப்படிச் செய்தால் அதை யார் கண்டுபிடிப்பது?

காரில் வரும்போது அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வருத்தம் வந்துவிட்டது. “ராத்திரி மட்டும்னு நான் எப்போ சொன்னேன்? ராத்திரிதான்னுதானே சொன்னேன்” என்றார். கார் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது, நான் அடுத்த திருப்பத்தைத் தவறவிட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தேன், அந்தளவுக்கு அந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவர், தான் பேசியது ஆங்கிலமே என்று உறுதியாக நம்புகிறவர், தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டி வந்தபோது, தான் பேசியது தமிழ் என்று அவரே எடுத்துக் காட்டிவிட்டார். ஒன்லி என்ற ஒலிக்குள் அவர் போட்டு அனுப்பியது ‘தான்’. அந்தப் பக்கம் பிரித்துப் பார்த்தவருக்குக் கிடைத்தது ‘மட்டும்’.

இதை அத்தைக்குத் தெரியாத விஷயம் என்று சொன்னால் அது அநியாயம். ஒன்லிக்கு மட்டும் என்ற பொருள் உண்டு என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குக் காசோலை எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். தொகையை எழுத்தால் எழுதும் வரியில் ‘ருபீஸ் டென் தவுசண்ட் ஒன்லி’ என்று எழுதச் சொல்லி, தமிழில் எழுதினால் ‘ரூபாய் பத்தாயிரம் மட்டும்’, சொற்களுக்கு நடுவில் இடம் விடாதே, முடிந்ததும் மிச்ச இடத்தில் நீளமாக ஒரு கோடு இழு என்பார். ஏன் அத்தை என்றால், “ஒன்லி போடலைன்னா பின்னாடி எவனாவது எதையாவது சேர்த்து எழுதிடுவான். இதுக்கு மேல ஒண்ணும் கிடையாதுன்னு அங்கேயே கதவைச் சாத்தணும்.” பிரிநிலைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. ஆக, எழுதும்போது அவருடைய ஒன்லி ‘மட்டும்’. பேசும்போது அவருடைய ஒன்லி ‘தான்’. இரண்டும் அவரிடம் கலக்காமல் இருக்கின்றன. கேட்பவர் கும்பகோணத்திலோ தார்வாட்டிலோ வளர்ந்தவராக இருக்கிறவரை கலக்கவும் கலக்காது.

குரலில் இருக்கும் தான்

அப்படியென்றால் ஆங்கிலேயர்களுக்குத் தான் வேண்டாமா? அவர்கள் எப்படி ஊன்றிச் சொல்கிறார்கள்? இதைக் கவனிக்க ஆரம்பித்த பிறகு எனக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு, ரயில் பேச்சு எல்லாமே பாடமாகிவிட்டது. முதலாவது, குரல். நாம் ஒட்டு போடும் இடத்தில் அவர்கள் அந்தச் சொல்லின் மேல் குரலை ஏற்றி அழுத்துகிறார்கள். ‘ஐ கேம் யெஸ்டர்டே’ என்பதில் கடைசிச் சொல்லை மட்டும் உயர்த்திச் சொன்னால் அதுதான் நேற்றுத்தான் வந்தேன். எழுத்தில் அது தெரியாது, அதனால்தான் புத்தகம் படித்து ஆங்கிலம் கற்ற நமக்கு அது கிடைக்கவே இல்லை. ஒன்லியைத் தூக்கு என்று சொல்கிற வகுப்புகள் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகின்றன. தூக்கிவிட்டு அதே தட்டையான குரலில் சொன்னால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகும், ஆனால் சொல்ல வந்தது போய்விடும். குரலை ஏற்றச் சொல்லிக்கொடுக்காமல் ஒன்லியைப் பிடுங்குவது ஆளின் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவது.

இரண்டாவது, ஒரே தானுக்கு அவர்களிடம் இடத்துக்கு ஒரு சரக்கு இருக்கிறது. இப்பதான் சாப்பிட்டேன் என்றால் ஜஸ்ட். இங்கதான் வெச்சேன் என்றால் ரைட் ஹியர். நான்தான் உடைச்சேன் என்றால் இட் வாஸ் மீ. அதைத்தான் சொல்றேன் என்றால் தட்ஸ் வாட் ஐ அம் சேயிங். கொடுத்தேன்தான் என்றால் ஐ டிட் கிவ், அந்த டிட்டில் ஓர் அழுத்தம். பெரும்பாலும் ராத்திரிதான் என்றால் மோஸ்ட்லி அட் நைட். பத்து ரூபாய்தான் என்கிற ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒன்லி. நம்மிடம் ஒரே ஒட்டு எல்லா இடத்துக்கும் போகிறது, அவர்களிடம் அது சிதறிக் கிடக்கிறது. இதை யாராவது பள்ளியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை பேர் எத்தனை நேர்காணலில் கூனிக் குறுகாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது.

இன்னொரு விஷயம், ஒன்லி எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஆங்கிலேயர்களே ஒத்துப்போனதில்லை. ராபர்ட் லோத் என்ற பாதிரியார், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், 1762-இல் வெளியிட்ட இலக்கண நூலில், ஒன்லியை எந்தச் சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்ள வேண்டுமோ அதன் பக்கத்திலேயே வைக்காமல் மக்கள் வினைச்சொல்லுக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். மூன்று வார்த்தைதான் பேசினேன் என்று சொல்ல வந்தவர், ஒன்லியைப் பேசினேன் என்பதோடு கொண்டுபோய் ஒட்டுகிறார் என்பது அவர் காட்டிய உதாரணம். அதிலிருந்து பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டே இருந்தன, பிள்ளைகள் கேட்காமலே வளர்ந்தார்கள். 1926-இல் ஃபௌலர் தன் பயன்பாட்டு அகராதியில் இந்தக் கண்டிப்புக்கு எதிராக எழுதினார், இயல்பான பேச்சில் குழப்பம் வராத இடத்தில் ஒன்லியை அதன் பழகிய இடத்திலேயே விடுங்கள் என்று. அவர் சொன்னதுதான் சரி, ஏனென்றால் பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘ஐ ஒன்லி கேவ் ரவி த மனி யெஸ்டர்டே.’ ரவியை அழுத்தினால் ஒன்று, பணத்தை அழுத்தினால் ஒன்று, நேற்றை அழுத்தினால் இன்னொன்று. ஒன்லி ஒரே இடத்தில் நிற்க, குரல் நகர்கிறது. நம்மிடம் குரல் அவ்வளவு நகராது, தான் நகர்கிறது.

தாய்மொழியின் ஊன்றலை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தவர்கள் நாம் மட்டுமும் இல்லை. ஐரிஷ்காரர்கள் தங்கள் மொழியில் முக்கியமான சொல்லை முன்னால் இழுத்துப் போடுவார்கள், அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்திலும் தாராளமாக வைத்துக்கொண்டார்கள், இட்ஸ் டு டப்ளின் ஹீ இஸ் கோயிங் என்கிற மாதிரி. டப்ளினுக்குத்தான் போறான். அதைக் கேட்டால் அயர்லாந்து வாசம் அடிக்கிறது, அழகாக இருக்கிறது என்பார்கள். திருச்சிப் பையன் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. இந்த வித்தியாசத்தில் மொழியியல் ஒன்றும் இல்லை.

ஆனால் ஐரிஷ்காரரின் வாக்கியம் விநோதமாக ஒலித்தாலும் பொருள் மாறாது, நம் ஒன்லி பொருளை மாற்றிவிடும், அதுவும் ஓசைப்படாமல். அதனால் நம் ஆங்கிலம் நம் பெருமை, மாற்ற மாட்டோம் என்கிற கட்சியிலும் என்னால் இனி முழுசாக நிற்க முடியவில்லை. மருந்து எப்போது சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு ‘மார்னிங் ஒன்லி’ என்று பதில் சொல்லும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். இங்கே குடியேறும் பிள்ளைகள் பெற்றோருக்கு ஸ்வெட்டரும் காப்பீடும் வாங்கிவைக்கிறார்கள். டாக்டர் அறைக்குள் போவதற்கு முன் இந்த ஒரு சொல்லைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள் என்று நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாற்றிப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், நாற்பது வருடப் பேச்சு ஒரு நாளில் மாறாது. கூட வருகிறவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஒன்லி விழுந்தால், அது மட்டுமா தானா என்று தமிழில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அத்தை அறுவை சிகிச்சையை ஊருக்குப் போய்ச் செய்துகொண்டார். அங்கே டாக்டரிடம் என்ன பேசினார் என்று போனில் கேட்டேன். “நைட் ஒன்லின்னேன், பகல்ல எப்படின்னு அவரே கேட்டுட்டார்” என்றார்.

சும்மா கேட்டேன்

எங்கள் வீட்டில் இதே சண்டை தலைகீழாகவும் நடக்கிறது. என் மகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் அவளுக்கு ஆங்கிலம்தான் முதலில் வாயில் வரும். ஆங்கிலத்தில் ஐ வாஸ் ஒன்லி ஆஸ்கிங் என்றால் வேறு நோக்கமில்லை, சும்மா கேட்டேன் என்று பொருள். அவள் ஒன்லிக்கு மட்டும் என்று படித்துவைத்திருக்கிறாள். அத்தை இங்கே இருந்தபோது ஒருநாள், “பாட்டி, நீங்க எப்போ ஊருக்குப் போறீங்க?” என்று கேட்டுவிட்டாள். அத்தை முகம் வாடிவிட்டது. இவள் பதறிப்போய், “இல்ல பாட்டி, நான் மட்டும் கேட்டேன்” என்றாள். அத்தைக்கு அது, மற்றவர்களும் கேட்க நினைக்கிறார்கள், நான் ஒருத்திதான் வாயைத் திறந்து கேட்டேன் என்று ஒலித்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நிலைமையைச் சரிக்கட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் இரண்டு பேரையும் உட்காரவைத்து, இந்த இடத்தில் ‘மட்டும்’ வராது, ‘சும்மா கேட்டேன்’ என்று சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அடம்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது அம்மா அதட்டினால், விளையாடிக்கிட்டுத்தான் இருந்தேன் என்று சொல்லலாம் என்றும். அத்தை உற்சாகமாகிவிட்டார், ஒரு வாரம் அவளுக்கு ‘தான்’ பாடம் நடத்தினார், நான்தான், நீதான், அங்கதான், வந்தேன்தான் என்று. சமையலறையிலும் தோட்டத்திலும் அதே ஜபம். பிள்ளைக்கு அந்த ஒட்டு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வாக்கியத்தையே திருப்பிவிடுகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. இப்போது அதை எங்கே வேண்டுமானாலும் ஒட்டுகிறாள். பள்ளிக்குக் கிளம்ப நேரமாச்சு என்று கீழேயிருந்து கத்தினால், மாடியிலிருந்து சுத்தமான இங்கிலாந்து உச்சரிப்பில், “ஐ அம் கமிங் தான், அம்மா!” என்று பதில் வருகிறது. அவள் வகுப்புத் தோழி ஒருத்தி, வெள்ளைக்காரப் பெண், போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளும் ஒரு தடவை அப்படிச் சொல்லிப் பார்த்தாள். சரியான இடத்தில்தான் போட்டாள்.